உப்பும் எண்ணெயும்

பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். ஆந்திர எல்லையோர ஊரான எளாவூருக்குக் கிழக்கே போனால் பல இடங்களில் இடுப்பளவுகூட இருக்காது. நின்றபடியே வலை வீசலாம், கழி ஊன்றியே படகைக் கொண்டுபோகலாம். அந்த ஏரிக்கும் தேசிய நெடுஞ்சாலைக்கும் நடுவே கிடக்கும் வயல்களில், சம்பா அறுப்பு முடிந்து நவரைக்குச் சேறடிக்கிற நாட்களில் டிராக்டர்கள் இறங்கும். வரப்பு நெருங்கியதும் ஓட்டுநர் பின்னாலிருக்கும் ரோட்டவேட்டரைத் தூக்கித் திரும்புவார். அந்தச் சில நொடிகளில் டிராக்டரின் வயிற்றிலுள்ள எண்ணெயின் அழுத்தம் 150 பார், 200 பார் வரை ஏறும். பத்து மீட்டர் தண்ணீரின் எடை ஏறக்குறைய ஒரு பார். ஆக 200 பார் என்பது இரண்டு கிலோமீட்டர் ஆழமுள்ள கடலின் தரையில் இருக்கிற அழுத்தம். இடுப்பளவு ஏரியின் கரையில், ஓட்டுநரின் இருக்கைக்கு அடியில், அது வந்து வந்து போகிறது.

இந்த அழுத்தத்தைப் பம்ப் உண்டாக்குகிறது என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். பட்டறைகளிலும் அப்படித்தான் பேச்சு: பம்ப் வீக்காகிவிட்டது, அதனால் பிரஷர் இல்லை. பம்ப் செய்வதோ ஒரே வேலை. எண்ணெயை ஒரு பக்கம் உறிஞ்சி மறுபக்கம் தள்ளும். தள்ளிய எண்ணெய்க்குப் போக வழி திறந்திருந்தால் அழுத்தமே இராது. ஓடிப்போய்த் தொட்டியில் விழும். வழியில் ஒரு சுமை குறுக்கே நின்றால்தான் அழுத்தம் பிறக்கும். சுமை எவ்வளவோ அவ்வளவு, அதற்கு மேல் ஒரு துளியும் இல்லை. ஏரியில் கழி ஊன்றுகிறவருக்கு இது சொல்லாமலே விளங்கும். கழியின் நுனி கெட்டித் தரையைத் தொட்டால்தான் கைக்கு வலு கிடைத்துப் படகு நகரும். இளஞ்சேற்றில் புதைந்தால் எத்தனை பலசாலியின் கையும் வெறுமனே உள்ளே போகும். தரை எதிர்த்துக் கொடுப்பதைத்தான் கை வாங்கிக்கொள்கிறது.

இதை மனத்தில் வாங்கிக்கொண்டால் இந்த இயந்திரங்களின் பாதி மர்மம் விலகிவிடும். மீதிப் பாதி, எண்ணெயைக் கசியாமல் அடைத்து வைப்பதில் இருக்கிறது. ஏரிக்கரை ஊர்களுக்கு அந்த இரண்டாவது பாதிதான் தலைவலி.

முதலில் தூக்கும் வேலையைப் பார்ப்போம். 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிஸ்டன் முகத்தின் பரப்பு 44 சதுர சென்டிமீட்டர், அதாவது உள்ளங்கைக்கும் குறைவு. அதன்மேல் 150 பார் அழுத்தம் நின்றால் ஆறரை டன்னுக்கு மேல் விசை கிடைக்கும். நிமிடத்துக்கு 20 லிட்டர் எண்ணெய் வந்தால் பிஸ்டன் நொடிக்கு ஏழரை சென்டிமீட்டர் நகரும். விசையைச் சுமை தீர்மானிக்கிறது, வேகத்தை எண்ணெயின் ஓட்டம் தீர்மானிக்கிறது. டிராக்டரின் பின்கைகள் நீளமானவை. பிஸ்டனின் சிறு நகர்வு அவற்றின் முனையில் பெரிய ஏற்றமாக மாறும்போது விசை அதற்கேற்பக் குறையும். அதனால்தான் உள்ளே ஆறு டன் தள்ளினாலும் வெளியே தூக்கும் திறன் நம் ஊர் டிராக்டர்களில் ஒரு டன், ஒன்றரை டன் என்று எழுதியிருக்கும். இறக்குவதற்குப் பம்ப் வேண்டாம். வழியைத் திறந்துவிட்டால் கலப்பை தன் கனத்தாலேயே இறங்கும்.

பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டிலேயே இதைத் தெளிவாக எழுதி வைத்தார். அடைபட்ட நீர்மத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் குறையாமல் போய்ச் சேரும் என்ற அவருடைய நூல், அவர் இறந்த மறு ஆண்டு, 1663-இல் வெளிவந்தது. அதை வைத்து வேலை வாங்க மனிதருக்கு இன்னும் 130 ஆண்டுகள் பிடித்தன. லண்டனில் ஜோசப் பிராமா 1795-இல் நீரழுத்த அச்சுக்குக் காப்புரிமை வாங்கினார். தாமதத்துக்குக் காரணம் கோட்பாடு புரியாதது இல்லை. அழுத்தம் ஏறினால் பிஸ்டனின் ஓரத்தில் தண்ணீர் பீறிட்டு வரும். அதை நிறுத்த இறுக்கிக் கட்டினால் பிஸ்டன் நகராது. பிராமாவின் பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே இதற்கு வழி கண்டவராகச் சொல்லப்படுகிறார். வளைத்து மடித்த ஒரு தோல் வளையம். அழுத்தம் ஏற ஏற அதன் உதடு விரிந்து பிஸ்டனோடு ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் இறங்கினால் தானே தளரும். எந்த அழுத்தம் கசிவை உண்டாக்குகிறதோ அதே அழுத்தத்தைக் கொண்டு கசிவை அடைத்தார். இன்று ஐம்பது ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் கடையில் தொங்குகிற ரப்பர் சீல்களின் உதடும் அதே வேலையைத்தான் செய்கிறது. பாஸ்கலைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறோம். மாட்ஸ்லேயின் தோல் வளையத்தைச் சொல்லித் தருவதில்லை. என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் முதலில் சொல்வேன்.

பிராமாவின் காலத்தில் உள்ளே இருந்தது தண்ணீர். இரும்பு துருப்பிடிக்கும், குளிரில் உறையும், வழவழப்பு கிடையாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் போர்க்கப்பல் வர்ஜீனியாவின் பீரங்கிகளை உயர்த்தவும் தாழ்த்தவும் தண்ணீருக்குப் பதில் எண்ணெய் நிரப்பினார்கள். அது 1906. அதன் பிறகு எண்ணெய்க்கு நான்கு வேலை: விசையைச் சுமப்பது, உராய்வைத் தணிப்பது, துருவைத் தடுப்பது, சூட்டை வெளியே கொண்டுபோவது. இதில் ஒன்று தவறினாலும் மற்ற மூன்றும் ஆட்டம் காணும்.

இனி, இந்த எண்ணெயைக் கலப்பையோடு இணைத்த ஹாரி பெர்குசன். அயர்லாந்தின் டவுன் மாவட்டத்துக்காரர், 1884-இல் பிறந்தவர். 1909-இல் தானே கட்டிய விமானத்தில் பறந்தவர். முதல் உலகப்போர்க் காலத்தில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, ஊர் ஊராகப் போய் டிராக்டர்களின் வேலையைச் சீர்ப்படுத்தும் பொறுப்பு அவருக்கு வந்தது. அன்றைய டிராக்டர்கள் கலப்பையைச் சங்கிலியில் கட்டிய மாதிரி பின்னால் இழுத்துக்கொண்டு போயின. மண்ணுக்கடியில் கல்லிலோ வேரிலோ கொழு மாட்டினால் சக்கரம் நிற்காது, முன்புறம் மேலெழும்பி டிராக்டர் ஓட்டுநரின் மேலேயே மல்லாந்துவிடும். அப்படிச் செத்தவர்கள் உண்டு. கலப்பையையும் டிராக்டரையும் ஒரே உடம்பாகக் கட்ட வேண்டும் என்று பெர்குசன் முடிவுசெய்தார். கீழே இரண்டு கை, மேலே ஒரு கை. நம் ஓட்டுநர்கள் மூணு பாயிண்ட் என்பார்கள். மேல் கைக்கு டாப் லிங்க். கீழ்க்கைகள் இழுக்கும்போது கலப்பை முன்னோக்கிச் சாயப் பார்க்கும், அதனால் டாப் லிங்க் டிராக்டரை முன்பக்கம் நோக்கித் தள்ளும். முன்சக்கரம் மேலெழும்ப விடாமல் அந்தத் தள்ளல் பிடித்துக்கொள்கிறது.

அதோடு நிறுத்தியிருந்தாலே பெரிய காரியம். அவர் அடுத்த அடியும் வைத்தார். டாப் லிங்க் வந்து சேரும் இடத்தில் ஒரு தடித்த சுருள்வில்லை வைத்தார். மண் இறுகி எதிர்ப்பு கூடும்போது டாப் லிங்க் அந்த வில்லை அமுக்கும்; அமுங்கிய வில் ஒரு கம்பி வழியாக எண்ணெய்க் கதவைத் திறக்கும்; கலப்பை ஒரு விரற்கடை மேலே வரும். மண் இளகினால் வில் விரிந்து கலப்பை மறுபடி இறங்கும். ஓட்டுநர் லிவரைத் தொட வேண்டியதில்லை. மேலும், கலப்பை தூக்கப்படும் அந்த நொடியில் அதன் கனமும் மண்ணின் பிடிப்பும் பின்சக்கரத்தின் மேல் ஏறுகின்றன. இழுவை எப்போது அதிகம் வேண்டுமோ அப்போது சக்கரத்துக்கு எடை கூடுகிறது. அதனால்தான் பெர்குசனின் டிராக்டர் எடை குறைவாக இருந்தும் கனத்த டிராக்டர்கள் செய்த வேலையைச் செய்தது. 1926-இல் இதற்குக் காப்புரிமை. 1938-இல் ஹென்றி ஃபோர்டுக்கு இதை ஓட்டிக் காட்டி, எழுத்தில் எதுவும் இல்லாமல் கைகுலுக்கலில் ஒப்பந்தம் செய்துகொண்டார். மறு ஆண்டே ஃபோர்டின் 9என் டிராக்டர் வந்தது. பின்னால் உறவு முறிந்து வழக்கு நடந்து, 1952-இல் 92.5 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்ந்தது.

அந்த டிராக்டர்க் குடும்பம் எளாவூருக்கு வந்த வழி சென்னை. 1960-இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கி, மாஸ்ஸி பெர்குசன் டிராக்டர்களைச் செய்ய ஆரம்பித்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் இன்றும் ஓடுகிற சிவப்பு மாஸ்ஸி 1035 அந்த வம்சம். அதன் பம்ப் பின்னுடலுக்குள் எண்ணெயிலேயே முங்கிக் கிடக்கும். எண்ணெயைக் கட்டுப்படுத்தும் வால்வைத் தள்ளும் பக்கத்தில் வைக்காமல் உறிஞ்சும் பக்கத்தில் வைத்தார் பெர்குசன். தேவையில்லாதபோது பம்ப் உறிஞ்சவே உறிஞ்சாது, எண்ணெய் வீணாகச் சூடேறாது. கியர்பெட்டிக்கு ஊற்றிய அதே எண்ணெய்தான் ஹைட்ராலிக்குக்கும். செலவு மிச்சம். ஆனால் கியர்பற்களிலிருந்து உதிரும் இரும்புத் துகளும், ஆக்ஸில் சீல் வழியாக வரும் சேற்றுநீரும் நேரே பம்புக்கே போகும். ஏரிக்கரை வயலில் இந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான் எடை.

இருக்கைக்குப் பக்கத்தில் இரண்டு லிவர்கள் இருக்கும். ஒன்று பொசிஷன், உயரத்தை நிறுத்துவதற்கு. மற்றது டிராஃப்ட், மண்ணின் எதிர்ப்புக்குத் தக்கபடி நடப்பதற்கு. நான் பார்த்த ஓட்டுநர்களில் பலர் முதல் லிவரை மட்டுமே தொடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ரோட்டவேட்டருக்குப் பொசிஷன் போதும். சேறடிக்கும் நிலத்தில் எதிர்ப்பை உணர்ந்து சொல்ல ஒன்றுமில்லை. புழுதி உழவில், ஒன்பது கொத்துக் கலப்பை போட்டு, கோடையில் களர் ஏறி இறுகிய நிலத்தில் இறங்கும்போதுதான் டிராஃப்ட் லிவரின் அருமை தெரியும். டீசல் மிச்சமாகும், டயர் வழுக்காது. டிராக்டரை விற்கிறவர் இதை வயலில் இறக்கிக் காட்டியிருக்க வேண்டும். அச்சடித்த கையேட்டில் நாலு வரியோடு விட்டுவிடுகிறார்கள்.

எளாவூர் என்றதும் சென்னைக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது சோதனைச்சாவடி. ஆந்திர எல்லை பக்கம், லாரிகள் வரிசையாக நிற்கும் இடம். லாரி இருக்கும் இடத்தில் பட்டறையும் இருக்கும். அப்படி ஒரு கொட்டகையில் ஒருநாள் மதியம் டிப்பர் டிரெய்லரின் சிலிண்டர் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். மெக்கானிக்குக்குக் கிட்டத்தட்ட அறுபது வயது. சிலிண்டரிலிருந்து உருவிய தண்டைத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரல் நகத்தை அதன் நீளத்துக்கு மெதுவாக ஓட்டினார். ஓர் இடத்தில் நகம் நின்றது. என்னையும் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். கண்ணுக்குப் பளபளவென்றுதான் இருந்தது. நகத்துக்கு மட்டும் கடுகிலும் சிறிய ஒரு குழி தட்டியது, பக்கத்தில் இன்னொன்று.

"உப்பு தின்னுருக்கு சார். இதுல சீல மட்டும் மாத்திக் குடுத்தா ரெண்டு மாசம்கூட தாங்காது."

டிராக்டர்க்காரப் பையன் கேட்டான்: "அண்ணே, புது ராடு போட்டா எவ்ளோ ஆவும்?"

"ராடு மாத்தறதுக்கு முன்னாடி வண்டிய எங்க நிறுத்தறேன்னு சொல்லு. ஏரிப் பக்கம் காத்தாட நிறுத்துறியா, தூக்கின மேனிக்கே நிறுத்துறியா?"

அவர் கேட்ட கேள்வியில் ஒரு பாடமே இருந்தது. சிலிண்டர் தண்டின் மேல் குரோமியப் பூச்சு முடியின் பருமனில் பாதிகூட இருக்காது. அதில் இயல்பிலேயே கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் உண்டு. ஏரிக்காற்றில் வரும் உப்பு அந்த விரிசலில் இறங்கி அடியிலுள்ள எஃகைத் தின்னும். துரு பருக்கும், பூச்சு பெயரும், குழி விழும். குழியின் விளிம்பு கத்தி. தண்டு உள்ளே போய் வரும் ஒவ்வொரு முறையும் அந்தக் கத்தி சீலின் உதட்டைக் கீறும். கீறல் வழியாக எண்ணெய் வெளியே வரும், வெளியே இருக்கும் ஈரமும் மணலும் உள்ளே போகும். டிப்பரை உயர்த்தி, தண்டை முழுக்க வெளியே நீட்டியபடி இரவெல்லாம் நிறுத்தினால் அந்த நீளம் முழுவதும் உப்புக்குத் தீனி. இறக்கி நிறுத்தினால் தண்டு எண்ணெய்க்குள் மறைந்துவிடும். காசே ஆகாத வைத்தியம். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுவதும், நீட்டியே நிறுத்த வேண்டிவந்தால் தண்டில் கிரீஸ் பூசி வைப்பதும் அடுத்த வைத்தியம்.

பழவேற்காட்டு நீர் ஒரே மாதிரி இருப்பதில்லை. வடகிழக்குப் பருவத்தில் ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் வந்து கலக்கும்போது உப்பு நீர்த்துப்போகும். கோடையில் முகத்துவாரத்தை மணல் மூடி, ஆற்றுநீரும் நின்று, ஏரி வற்ற வற்றக் கடலைவிட உப்பேறும். இயந்திரத்துக்கு ஆபத்தான காலமும் அதுதான். சேற்றில் இறங்கிய டிராக்டரின் பின்னுடல் எண்ணெயை எடுத்துப் பார்த்தால் தெரியும்: தண்ணீர் கலந்த எண்ணெய் பால் நிறமாக இருக்கும். தண்ணீர் கலந்தால் எண்ணெய்ப் படலம் அறும். நல்ல தண்ணீரைவிட உப்புத் தண்ணீர் கலந்தது இன்னும் மோசம். மெருகேறிய பம்ப் பிஸ்டன்களில் இரவோடிரவாகத் துருப்புள்ளி விழும். பால் நிறம் கண்டால் மேலே கொஞ்சம் புது எண்ணெய் ஊற்றிச் சரிக்கட்டக் கூடாது. முழுக்க வடித்துக் கழுவி மாற்ற வேண்டும்.

உயிர் சம்பந்தப்பட்ட இரண்டு விஷயங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அழுத்தத்தில் இருக்கும் ஹோஸில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத நூலாகப் பாயும். எங்கே கசிகிறது என்று விரலால் தடவிப் பார்ப்பது நம் ஊர் வழக்கம். அந்த நூல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் அதிகம் இராது. சில மணி நேரத்தில் அறுவை செய்யாவிட்டால் விரலோ கையோ போய்விடும். அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்க்க வேண்டும், கையை வைக்கக் கூடாது. அடிபட்டால் சின்னக் காயம் என்று இருக்காமல் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டாவது, தூக்கி நிற்கும் டிப்பருக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் தலையை நீட்டக் கூடாது. இன்ஜின் நின்ற பிறகும் சுமையைப் பிடித்து நிறுத்துவது அடைபட்ட எண்ணெய் மட்டுமே. ஒரு சீல், ஒரு ஹோஸ், தவறுதலாக லிவரில் பட்ட ஒரு முழங்கை, இதில் எது போனாலும் போதும்.

இதுவரை பார்த்தது எண்ணெய் தூக்குகிற கதை. எண்ணெயே வண்டியை ஓட்டுகிற கதை வேறு. அமெரிக்காவில் வீட்டுத் தோட்டங்களில் புல்வெட்ட ஓட்டுகிற சிறு டிராக்டர்களில் 1960-களிலிருந்தே அது உண்டு. கிளட்ச் இல்லை, கியர் மாற்றல் இல்லை. மிதியை முன்னால் அழுத்தினால் முன்னால் போகும், பின்னால் அழுத்தினால் பின்னால் வரும், விட்டால் நிற்கும். நம் பக்கத்தில் புல்தரைக்கு வேலையில்லை. ஆனால் அதே அமைப்பு இங்கே நெல்வயலுக்குள் வந்துவிட்டது. அறுவடைக் காலத்தில் வெளி மாவட்டங்களிலிருந்து லாரியில் ஏறி வருகிற பெல்ட் வண்டிதான் அது. குபோட்டாவோ கிளாஸோ, ஓட்டுநரின் கையில் இருக்கும் ஒற்றை லிவருக்குக் கீழே இருப்பது அந்தத் தோட்டத்து டிராக்டரின் அண்ணன்தான்.

உள்ளே ஒரு பம்ப், ஒரு மோட்டார், நடுவில் எண்ணெய் சுற்றிச் சுற்றி வரும் மூடிய வளையம். பம்புக்குள் ஓர் உருளையைச் சுற்றி ஏழோ ஒன்பதோ சிறு பிஸ்டன்கள். ஒற்றைப்படையாக வைப்பதில் காரணம் இருக்கிறது, எண்ணெய் விட்டு விட்டுத் துடிக்காமல் சீராக வரும். பிஸ்டன்களின் தலைகள் ஒரு தட்டின் மேல் உரசிச் சுற்றும். அந்தத் தட்டைச் சாய்க்கலாம். தட்டு நேராக நின்றால் பிஸ்டன்கள் சுற்றும், ஆனால் முன்னும் பின்னும் நகராது. இன்ஜின் முழு வேகத்தில் ஓடினாலும் ஒரு துளி எண்ணெய்கூடத் தள்ளப்படாது, வண்டி அசையாது. தட்டைக் கொஞ்சம் சாய்த்தால் பிஸ்டன்கள் கொஞ்சம் நகரும், வண்டி ஊரும். இன்னும் சாய்த்தால் வேகம். மறுபக்கம் சாய்த்தால் எண்ணெய் எதிர்த்திசையில் ஓடும், வண்டி பின்னால் வரும். பதினைந்து, பதினெட்டு பாகை சாய்வுக்குள் இந்த அத்தனை ஆட்டமும் முடிந்துவிடும். கசிந்துபோகும் எண்ணெயை ஈடுகட்டக் கூடவே ஒரு சிறு ஊட்டு பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும்.

நெல்லறுப்புக்கு இது ஏன் இவ்வளவு பொருந்தியது என்பதை, மழையில் சாய்ந்த பயிரில் வண்டி இறங்கும்போது பார்க்க வேண்டும். கதிரடிக்கும் உருளை ஒரே வேகத்தில் சுற்றியே ஆக வேண்டும். வேகம் குறைந்தால் நெல் பிரியாது, வைக்கோலோடு போய்விடும். ஆனால் வண்டியின் நடை இடத்துக்கு இடம் மாற வேண்டும். நின்ற பயிரில் விரைவாகவும், படுத்த பயிரில் ஊர்ந்தும் போக வேண்டும். கியர் வண்டியில் நடையைக் குறைக்க இன்ஜினைக் குறைத்தால் உருளையும் சேர்ந்து குறையும். இங்கே இன்ஜினைத் தொடாமல் தட்டின் சாய்வை மட்டும் குறைத்தால் போதும். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் திருவள்ளூர் மாவட்டத்தில் கொட்டிய மாதிரி மழை வந்து போன பிறகு, படுத்துக் கிடக்கும் வயலில் ஒரு மனிதர் ஒற்றைக் கையால் மில்லிமீட்டர் கணக்கில் லிவரை நகர்த்தி, இன்ஜின் சத்தம் கனக்கும்போது பின்வாங்கி, தெளியும்போது முன்னேற்றி அறுக்கிறார். அந்த வேலைக்கு நுட்பமான கை வேண்டும். ஓட்டுநர் என்ற ஒரு சொல்லில் அடைத்து, மணிக்கணக்குக் கூலியோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இதற்கு விலை உண்டு. நல்ல பற்சக்கரப் பெட்டி வாங்கிய சக்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சக்கரத்துக்குக் கொடுக்கும். எண்ணெய் ஓட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், பல வேளைகளில் அதற்கு மேலும். போனது அத்தனையும் சூடு. கனத்த உழவுக்கு இந்த அமைப்பு பரவாததற்குக் காரணமே இதுதான். சூடேறினால் எண்ணெய் நீர்த்துப்போகும், நீர்த்தால் பிஸ்டன் ஓரங்களில் கசிவு கூடும், கசிவு கூடினால் இன்னும் சூடாகும். "காலையில நல்லா இழுக்குது, மதியத்துக்கு மேல இழுக்க மாட்டேங்குது" என்று ஓட்டுநர் வந்து சொன்னால், தேய்மானம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உள்ளே இடைவெளி மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். தூசு படிந்த புனலில் எண்ணெய் ஊற்றினாலே அந்த இடைவெளிக்குள் உப்புத்தாளாக வேலை செய்யும் துகள்கள் போய்விடும். கூலரின் தகடுகளில் வைக்கோல் தூசு அடைத்தாலும் அதே கதி. பழுதான வண்டியை இழுத்துக்கொண்டு போகும்போது புறவழி வால்வைத் திறக்காமல் இழுப்பதும் பம்பைக் கொன்றுவிடும். வயலோரத்தில் அவசரத்தில் நடக்கிற தவறு அது.

பெர்குசனின் வில், மண் எதிர்ப்பதை இயந்திரத்துக்கே சொன்னது. பெல்ட் வண்டியில் இன்ஜின் சத்தம் ஓட்டுநரின் காதுக்குச் சொல்கிறது. பொக்லைனில் இந்தப் பேச்சு ஏறக்குறைய நின்றுவிட்டது. விரல் நுனியில் ஒரு குமிழை அசைத்தால் டன் கணக்கில் மண் பெயரும். இளமண்ணோ களிமண்ணோ, கைக்கு ஒரே கனம்தான். 1990-களின் தொடக்கத்தில் கிழக்குக் கடற்கரை நெடுக இறால் பண்ணைகளுக்குக் குளம் வெட்டிய வேகம் இந்தக் கையால் வந்தது. மண்வெட்டியால் அத்தனை குளம் வெட்டுவதென்றால் ஊர் கூடி யோசிக்க நேரம் கிடைத்திருக்கும். யோசிக்க வைத்தவர் சர்வோதய இயக்கத்தின் எஸ். ஜெகந்நாதன். அவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் இறால் பண்ணைகள் கூடாதென்றும், சிலிகா, பழவேற்காடு ஏரிகளைச் சுற்றி ஆயிரம் மீட்டருக்குள்ளும் கூடாதென்றும் தீர்ப்பளித்தது. 2005-இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புச் சட்டம் அந்தத் தீர்ப்பின் பிடியைத் தளர்த்தியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதே பொக்லைன்தான் முகத்துவாரத்தில் மண் மூடும்போது மீனவர்கள் கேட்டுக் காத்திருக்கும் இயந்திரமும். அங்கே அது வெட்டுகிற ஒவ்வொரு வாரி மணலுக்கும் பின்னால் இறால் குஞ்சும் மடவையும் ஏரிக்குள் வருகின்றன. இயந்திரத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கே வெட்டுவது என்பதைக் கரையில் வாழ்கிறவர்கள் சேர்ந்து முடிவுசெய்ய வேண்டும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தக் கொட்டகைக்கே திரும்பப் போகிறேன், வேறு காரணத்துக்காக. உப்பு சீலைத் தாண்டி உள்ளே போகிறது என்றேன். எண்ணெய் அதே வழியாக வெளியே வருகிறது. பல டிராக்டர்களின் பின்னுடலில் முப்பது லிட்டருக்கு மேல் எண்ணெய் கொள்ளும். பால் நிறமான எண்ணெயை முழுக்க வடிக்கச் சொன்னேன் அல்லவா, வடித்தது எங்கே போகிறது? கொஞ்சம் சென்ட்ரிங் பலகைக்குப் பூச வாங்கிப் போவார்கள். கொஞ்சம் படகின் மரத்துக்குப் போகும். தண்ணீர் கலந்ததை யாரும் வாங்குவதில்லை. அது கொட்டகைக்குப் பின்னால் மண்ணில் விழுகிறது. பருவமழை வந்ததும் சாலையோரக் கால்வாயில் ஓடிக் கிழக்கே போகிறது. கிழக்கே இருப்பது ஏரி. மடவையும் நண்டும் இறாலும் வளர்கிற, ஒரு மீட்டர் ஆழமே உள்ள நீர். ஆழமான கடலில் கலந்து கரைந்துபோவதற்கு இருக்கிற வசதி இங்கே கிடையாது.

கழிவு எண்ணெய் 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளுக்குள் வருகிறது. அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் போக வேண்டும். இருபது, முப்பது லிட்டர் சேர்கிற ஒரு சிறு பட்டறையைத் தேடி எந்த மறுசுழற்சிக்காரரும் வரமாட்டார். பட்டறைக்காரரும் வேலையை விட்டு அவரைத் தேடிப் போக முடியாது. ஆனால் எளாவூரில் சோதனைச்சாவடி இருக்கிறது, இரவும் பகலும் லாரிகள் நிற்கின்றன, பக்கத்தில் கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை இருக்கிறது. சாவடிக்கு அருகே கூரை போட்ட ஓர் இடத்தில் இரண்டு பெரிய தொட்டிகளை வைத்தால் போதும். ஒன்று எண்ணெய்க்கு, இன்னொன்று தண்ணீர் கலந்த எண்ணெய்க்கு. லிட்டருக்கு ஏதோ ஒரு சிறு தொகை கொடுத்து வாங்கிக்கொண்டால் ஆரம்பாக்கம், சுண்ணாம்புக்குளம் வரையிலுள்ள பட்டறைகளும் டிராக்டர்க்காரர்களும் கேனில் கொண்டுவந்து ஊற்றுவார்கள். மெக்கானிக்கிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "தண்ணி கலந்ததையும் எடுத்துப்பாங்களா சார்?" எடுத்துக்கொள்ள வேண்டும், அதைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.